ஏழுமலைக்கு வந்த கடிதம்

1

நான் அமெரிக்கா வந்து இந்த ஆகஸ்டோடு இருபது ஆண்டு ஆகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அங்கே சிலர் சேர்ந்து ஒரு மலர் போடப் போகிறார்களாம். வெளிநாட்டில் படிக்கவும் ஆராய்ச்சி செய்யவும் வர விரும்பும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உதவுகிற மாதிரி நான் ஏதாவது எழுத வேண்டுமாம். நான் வேலை பார்ப்பது பல்கலைக்கழகத்தில் அந்தக் காரியத்தைச் செய்கிற ஆபீஸ் என்பது அவருக்குத் தெரியும். எந்தப் படிவம், எவ்வளவு நாள், தூதரகத்தில் என்ன கேட்பார்கள் என்றெல்லாம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இந்த ஆண்டு நடந்ததைச் சொல்லாமல் அதையெல்லாம் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் ஆபீஸில் நடப்பது இதுதான். இங்குள்ள பேராசிரியர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஓர் ஆசிரியரையோ ஆராய்ச்சியாளரையோ ஓராண்டுக்கு அழைப்பார். பல்கலைக்கழகம் அவருக்குப் பொறுப்பேற்கும். நாங்கள் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு படிவம் அடித்து அனுப்புவோம். அதைக் காட்டி அவர் விசா வாங்கி வருவார். பரிமாற்ற விசா என்று அதற்குப் பெயர். அந்த விசாவில் வருகிற பலருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலை முடிந்ததும் திரும்பிப் போய்ச் சொந்த நாட்டில் இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். இங்கே கற்றதை அங்கே கொடுக்க வேண்டும் என்பதற்காக வைத்த விதி.

1971இல் நானும் அந்த விசாவில்தான் வந்தேன். மண்ணூர்க்காரன், காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். கல்லூரி ஓராண்டு விடுப்பு கொடுத்தது. ஓராண்டு மூன்றாயிற்று. பிறகு நம் அரசிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தை அலைந்து வாங்கி, இரண்டு ஆண்டு விதியிலிருந்து விலக்கும் பெற்று இங்கேயே தங்கிவிட்டேன். விண்ணப்பத்தில், என் ஆராய்ச்சிக்கு என் நாட்டில் வசதி இல்லை என்று எழுதினேன். அந்த ஆராய்ச்சி இங்கேயும் நாலு வருஷத்துக்கு மேல் ஓடவில்லை. பணம் நின்றது, ஆய்வகம் மூடியது. வேறு வேலை தேடி இந்த ஆபீஸுக்கு வந்து சேர்ந்தேன். அப்பா பெயர் முனுசாமி கடைசிப் பெயராக ஒட்டிக்கொண்டதால் இங்கே நான் மிஸ்டர் முனுசாமி. தேவராஜன் என்ற பெயரை என் மனைவி விமலாவும் உச்சரிப்பதில்லை என்பதால் அது ஏறக்குறைய யாருக்கும் பயன்படாமலே கிடக்கிறது.

2

ஏழுமலையின் விண்ணப்பம் சென்ற ஆண்டு வந்தது. நெற்பயிரில் வரும் குலைநோய்ப் பூஞ்சையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுப் பேராசிரியர் ஹோல்ட் அழைத்திருந்தார். ஊர் என்ற இடத்தில் வல்லம் வடகால் என்று இருந்ததைப் பார்த்து நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். இத்தனை ஆண்டில் எத்தனையோ நாட்டுக்காரர்களுக்குப் படிவம் அடித்திருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊரிலிருந்து ஒருவரும் வந்ததில்லை. வேலை செய்யும் கல்லூரியைப் பார்த்தேன். நான் விட்டுவிட்டு வந்த அதே கல்லூரி.

ஜனவரியில் வந்து இறங்கினார். நாற்பது வயது, ஒல்லி, முன் தலையில் நரை. பனியில் துணிச் செருப்போடு நின்றவரை அழைத்துப் போய் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வீட்டில் சாப்பாடு என்று விமலா சொல்லிவிட்டாள். முதல் இரண்டு வாரம் என்னிடம் மேடைத் தமிழ் பேசினார். மூன்றாவது வாரம் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "இன்னா சார், இந்த ஊர்ல காக்காவே காணோமே" என்றார். அந்த 'இன்னா'வை நேரில் கேட்டுப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது.

அவர் பேசப் பேச எனக்கு எல்லாம் தெரியவந்தது. படப்பையில் வயலில் கல் நட்டு மனை போடுகிறார்கள். ஒரகடம் கூட்ரோட்டில் புதிதாய் இரண்டு டீக்கடை. அவர் மனைவி சரோஜா படப்பை சுகாதார நிலையத்தில் நர்ஸ். இரண்டு பையன்கள், பெரியவன் ஒன்பதாவது. நிலத்தை விற்கிறாயா என்று புரோக்கர்கள் வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். அவர் பேசும்போது என் மகள் நளினி தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய்விடுவாள். பதினேழு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். ஏழுமலை கேட்டால் மட்டும் யோசித்து, இரண்டு தமிழ் வார்த்தை தேடி எடுத்துக் கொடுப்பாள்.

திங்கள் முதல் சனி வரை நான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன் என்பதை அப்போது நான் உணரவில்லை.

3

ஏப்ரலில் ஹோல்ட் தன் வீட்டில் ஒரு விருந்து வைத்தார். ஏழுமலை தன்னைப் பற்றிச் சொல்லும்போது, 1973இல் 'பாஸ் அவுட்' ஆனேன் என்றார். இங்கே அதற்கு மயங்கி விழுந்தேன் என்று அர்த்தம். எல்லோரும் திகைத்துப் பார்த்தார்கள். நான் விளக்கினேன். சிரித்தார்கள், ஏழுமலையும் சிரித்தார்.

திரும்பி வரும்போது காரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்ன வயசுக்கு 72இலேயே முடித்திருக்க வேண்டும். ஏன் ஒரு வருஷம் தள்ளிப்போனது என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூஞ்சை பேப்பர்ல போய்ட்டேன் சார். அந்த வருஷம் எங்களுக்கு அத எடுக்க ஆளு இல்ல."

காரை ஓரமாக நிறுத்தினேன்.

"நான் உங்க ஸ்டூடண்ட் சார். செகண்ட் இயர் எங்களுக்கு நீங்கதான் எடுத்தீங்க. கடைசி பெஞ்ச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

ஞாபகம் இல்லை. முகத்தை எவ்வளவு பார்த்தும் வரவில்லை. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் சங்கடப்படுவீர்கள் என்று நினைத்தேன் என்றார். பிறகு, நான் கேட்காமலே, கதையைச் சொன்னார். நான் விடுப்பில் போனதால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட முடியவில்லை. தேவராஜன் சார் அடுத்த மாசம் வந்துவிடுவார் என்று ஒவ்வொரு மாசமும் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். பரீட்சை வரைக்கும் சொன்னார்களாம். வகுப்பில் பாதிப் பேர் அந்தத் தாளில் தோற்றார்கள். அவர் மறுவருஷம் எழுதித் தேறினார். இரண்டு பேர் படிப்பையே விட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் இப்போது சுங்குவார்சத்திரத்தில் பஸ் கண்டக்டர்.

"பார்த்தா உங்கள நல்லா விசாரிப்பான் சார்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

4

மே மாதம் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தேர்தல் கூட்டத்தில் நடந்தது உலகத்துக்கே தெரியும். அதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. இங்கே அது பகல் நேரம். ஆபீஸ் ரேடியோவில் செய்தி வாசித்தவர் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரை நாலு துண்டாக உடைத்துச் சொன்னார். எந்த ஊர் என்று இருபது வருஷத்தில் என்னைக் கேட்காதவர்கள் எல்லாம் அன்று என் மேசைக்கு வந்து, அது உங்களுக்குத் தெரிந்த இடமா என்று கேட்டார்கள்.

ஏழுமலை ஆய்வகத்திலிருந்து ஓடி வந்தார். சரோஜாவுக்கு அந்த வாரம் இரவு வேலை, காலையில் பஸ்ஸில்தான் வீடு திரும்ப வேண்டும். பஸ் ஓடாது, கல் எறிவார்கள், கடை எல்லாம் மூடியிருக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். என் ஆபீஸ் போனிலிருந்து டிரங்க் கால் பதிவு செய்தோம். லைன் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்று நாள் அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். சாப்பிடவில்லை. நளினி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்ப் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டுக் கேட்டுப் பழகினாள். பள்ளிக்கூடத்தில் அவளைக் கேட்கிறார்களாம். அந்த ஒரு வாரம் அவளுக்கு என் ஊர் இருந்தது.

நாலாம் நாள் காலை ஏழு மணிக்குச் சுகாதார நிலையத்து லைன் கிடைத்தது. அங்கே மாலை. ஏழுமலை இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டார். சரோஜா உரக்கப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"நாங்க நல்லாகீறோம். பசங்க வூட்லதான் கீறாங்க. நான் மூணு நாளா இங்கியே தங்கிட்டேன், பஸ் இல்ல. சின்னவன் அழுதுகினே இருந்தானாம். நீங்க எப்ப வருவீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. ரிசீவரை வைத்துவிட்டு, "அவளுக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல சார்" என்றார்.

5

பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. அதற்கு மூன்று வாரம் முன்புதான் ஹோல்ட் அவரிடம் இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்படி சொல்லியிருந்தார். வேலை நன்றாகப் போகிறது, பாதியில் விட வேண்டாம், குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம் என்றார். கல்லூரி கொடுத்திருந்தது ஆறு மாத விடுப்புதான், அதை நீட்டிக்கச் சொல்லி ஏழுமலை எழுதியிருந்தார். முடிவை அவர்களிடமே விட்டிருந்தார். அவர்கள் சரி என்றால் இருப்பது, இல்லை என்றால் ஜூன் கடைசியில் கிளம்பி ஜூலை முதல் தேதி வேலையில் சேர்ந்துவிடுவது. என்னிடம் அதைத் தெளிவாகச் சொன்னார்.

பதிலை எங்கள் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். வெளிநாட்டுத் தபாலைப் பிரிப்பது என் வேலை. ஜூன் ஐந்தாம் தேதி கடிதம் வந்தது. அவர் பெயருக்குத்தான் வந்திருந்தது, ஆபீஸ் பார்வைக்கு என்றும் போட்டிருந்தது. பிரித்தேன். விடுப்பை நீட்டிக்க முடியாது, ஜூலை முதல் தேதி வந்து சேராவிட்டால் அந்த இடத்தில் வேறொருவர் நியமிக்கப்படுவார் என்று இருந்தது. பழைய அனுபவம் கருதி இந்த முறை கல்லூரி காத்திருக்க இயலாது என்று ஒரு வரி. அந்தப் பழைய அனுபவம் யார் என்று எனக்குத் தெரியும்.

அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

ஏன் என்று பல முறை என்னையே கேட்டிருக்கிறேன். அன்று நான் சொல்லிக்கொண்ட காரணம் இது. இவ்வளவு நல்ல வாய்ப்பை ஒரு குமாஸ்தா அடித்த கடிதத்துக்காக விடக் கூடாது. ஹோல்ட் கொடுத்த நீட்டிப்புத் தாளில் ஏழுமலை கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு அந்தக் கடிதம் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். அதற்கு ஒரு வாரம் போதும் என்று நினைத்தேன்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. பதில் வரட்டும் சார், அதுவரைக்கும் கையெழுத்தும் இல்லை, கிளம்பவும் இல்லை என்றார். வாரத்துக்கு ஒரு முறை வந்து கேட்டார். மூன்று முறையும், இன்னும் வரவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். மூன்றாவது முறை சொன்ன பிறகு, நம் ஊர்த் தபால் அப்படித்தான் என்று சேர்த்தும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆண்டு ஏப்ரலில் நளினிக்குக் கலிபோர்னியாவில் ஒரு கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. நான் அவசரத்தில் பிரித்துவிட்டேன். அது தன் பெயருக்கு வந்த கடிதம் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். பெற்ற அப்பன் பிரித்தால் என்ன என்று நான் விமலாவிடம் ஒரு மணி நேரம் கத்தினேன். ஜூன் மாதம் ஒரு நாளாவது அது எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

6

ஜூலை மூன்றாம் தேதி, மதிய சாப்பாட்டு நேரம். ஏழுமலை ஒரு விமானத் தபாலோடு என் அறைக்கு வந்தார். சரோஜாவின் கடிதம். கல்லூரிக் கடிதத்தின் நகல் வீட்டுக்கும் போயிருக்கிறது. தேதி கொடுத்திருக்கிறார்களே, டிக்கெட் போட்டாயிற்றா, ஒரு வார்த்தை எழுதவில்லையே என்று கேட்டிருந்தாள்.

அவர் உட்காரவில்லை.

"காலேஜ்லேர்ந்து லெட்டர் வந்துச்சா சார்?"

"வந்தது."

"எப்ப?"

"ஜூன் அஞ்சாம் தேதி."

சுவரில் காலண்டர் இருந்தது. அதைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் சார்?"

"நீ இங்கியே இருந்தா நல்லா இருக்கும்னு நெனச்சேன், ஏழுமலை."

"எனக்கா சார், உங்களுக்கா?"

மேசை இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்புவதற்கு எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். போட்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார்.

"அன்னிக்கு நீங்க வர்லன்னதும் நாங்க யாரும் உங்கள தப்பா பேசல சார். அவருக்கு அங்க இன்னா கஷ்டமோன்னுதான் பேசிகினு இருந்தோம்."

ஹோல்ட் கேட்டுப் பார்த்தார். ஏழுமலை சம்மதிக்கவில்லை. ஒன்பதாம் தேதி கிளம்பினார். விமான நிலையத்துக்குக் காரில் விடுகிறேன் என்றேன். பஸ் இருக்கிறது என்றார். முந்தின நாள் வீட்டுக்கு வந்து விமலாவிடமும் நளினியிடமும் மட்டும் சொல்லிக்கொண்டு போனார். நான் வீட்டில் இருக்கும் நேரம் அவருக்குத் தெரியும். வேறு நேரத்தில்தான் வந்திருந்தார்.

7

அவர் போய்ச் சேர்ந்தபோது இடம் போயிருந்தது. பத்து நாள் தாமதம்தான். ஆனாலும் அந்த இடத்தில் சேர்ந்துவிட்டவரை மாற்ற முடியாது என்றார்கள். வேலையே போகாமல் இருக்க அலைந்தார். நான் கல்லூரி முதல்வருக்கும் மேலிடத்துக்கும் கடிதம் எழுதினேன். தாமதத்துக்கு முழுக் காரணம் நான், கடிதத்தை மறைத்தது நான், அவர்மேல் தவறில்லை என்று கையெழுத்திட்டு அனுப்பினேன். யாரும் பதில் போடவில்லை. கடைசியில் தெற்குக் கோடியில் ஒரு கல்லூரிக்கு அவரை அனுப்பினார்கள் என்று விமலாவுக்கு சரோஜா எழுதித் தெரிந்தது. சரோஜாவின் வேலை படப்பையில், பையன்கள் படிப்பு அங்கே. அமெரிக்காவிலிருந்து திரும்பியும் அவர் வீடு திரும்பவில்லை.

ஆகஸ்டில் நளினி கலிபோர்னியாவுக்குக் கிளம்பினாள். நடந்ததை விமலா அவளிடம் சொல்லியிருக்கிறாள். காரில் பெட்டியை வைத்துக்கொண்டிருக்கும்போது, ஏழுமலை அங்கிளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று இங்கிலீஷில் கேட்டாள். எல்லோருக்கும் எழுதினேன் என்று சொன்னேன். அவரிடம் கேட்டீர்களா என்று மறுபடியும் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். முதல்வருக்கு எழுதினேன், மேலிடத்துக்கு எழுதினேன். அவருக்கு எழுதவில்லை.

அவளை அனுப்பிவிட்டு வந்த மறுநாள் எங்கள் ஆபீஸ் தலைவி மார்கரெட்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் நீங்களாகவே சொல்லியிருப்பீர்களா? இல்லை என்றேன். அந்த உண்மையைச் சொன்னதற்காகவோ இத்தனை வருஷம் வேலை பார்த்ததற்காகவோ என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. கீழ்த்தளத்துக்கு மாற்றினார். இப்போது விருந்தினர் விடுதிச் சாவிகளும் இன்ஷூரன்ஸ் அட்டைகளும் என் பொறுப்பு. யாருடைய தபாலும் என் கை வழியாகப் போவதில்லை.

அன்று மாலை ஏழுமலைக்கு எழுதினேன். ஒரு பக்கம்தான் வந்தது. காரணம் எதையும் எழுதவில்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில், எனக்காகத்தான் என்று எழுதினேன். மன்னித்துவிடு என்று எழுதினேன்.

மூன்று மாதம் பதில் இல்லை. நவம்பர் கடைசியில் பழைய முகவரிக்கு, என் பெயர் போட்டு ஒரு கனமான உறை வந்தது என்று மேலிருந்து கொடுத்தனுப்பினார்கள். உள்ளே ஒரு விண்ணப்பமும் ஒரு கடிதமும். அவருடன் வேலை பார்க்கும் இளம் விரிவுரையாளர், தேன்மொழி என்று பெயர், ஹோல்டின் ஆய்வகத்துக்கு ஓராண்டு வர விரும்புகிறார். தான் பாதியில் விட்ட வேலையை முடிக்க அவரால் முடியும் என்று ஏழுமலை எழுதியிருந்தார். ஒற்றை அறையில் இருக்கிறாராம். மாதம் ஒரு முறை ஊருக்குப் போகிறாராம். சின்னவன் இப்போதெல்லாம் அழுவதில்லையாம். நான் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கடைசியில் மட்டும் இப்படி இருந்தது.

"தேன்மொழிக்கு நம் கதை இரண்டையும் சொல்லியிருக்கிறேன் சார், உங்களுடையதும் என்னுடையதும். திரும்பி வருவதாகத்தான் சொல்கிறார். வராமல் போனாலும் போகட்டும். ஆனால் அது அவரே எடுத்த முடிவாக இருக்க வேண்டும். அதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்."

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். மார்கரெட் அதை வாங்கி, இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். பரிந்துரை செய்பவர் பெயரைப் படித்ததும் அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு அன்றைய தேதியின் முத்திரையை அதன்மேல் குத்தினார்.